சான்றிதழில் உங்கள் பெயர், படித்தது யார்?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சொந்த வீடு, கடன் இன்னும் ஓடுகிறது. கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஓர் ஆலையில் 18 வருடம் வேலை பார்த்தேன். முதல் பத்து வருடம் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப், அப்புறம் எட்டு வருடம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். கடைசி சம்பளம் ரூ. 20,400. பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் பிடித்தது போகப் பதினெட்டாயிரம் சொச்சம் கைக்கு வரும். ஆர்டர் இல்லை என்று எட்டு மாதத்துக்கு முன் ஆலையை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் கொஞ்சம் கடன் அடைத்தது போக ரூ. 2,80,000 வங்கியில் இருக்கிறது.

‘இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான், காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்’ என்று எல்லோரும் சொன்னார்கள். தவணையில் ஒரு லேப்டாப் வாங்கி, ஆன்லைனில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், எக்செல், இன்னொரு கோர்ஸ் என்று மூன்று முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் பிளஸ் டூ படிக்கும் மகள்தான் ராத்திரியில் கூட உட்கார்ந்து டெஸ்டுகளை முடித்துக் கொடுத்தாள். நாற்பது இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், வயதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். இப்போது டேட்டா அனலிட்டிக்ஸ் ஆறு மாத கோர்ஸ் ஒன்று வந்திருக்கிறது. கட்டணம் ரூ. 85,000, நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்கிறார்கள். ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலைக்குப் போகும் என் மனைவி வேண்டாம் என்கிறாள். மைத்துனர் கார் வாங்கி ஓட்டச் சொல்கிறார். நான் சேரலாமா? 43 வயதில் புதுத் தொழில் முடியுமா? நாலு வார்த்தை தைரியம் சொல்லுங்கள்.

- பெயர் வேண்டாம், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வயதும் கட்டணமும் நாற்பது பயோடேட்டாவும்தான் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. நான் நின்றுபோன இடம் வேறு. ‘மகள்தான் ராத்திரியில் கூட உட்கார்ந்து டெஸ்டுகளை முடித்துக் கொடுத்தாள்.’ போகிற போக்கில் இதை எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

‘முடித்துக் கொடுத்தாள்’ என்றால் என்ன அர்த்தம்? புரியாத ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டீர்கள், அவள் சொன்னாள் என்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அப்படி நடந்திருந்தால் ‘சொல்லிக் கொடுத்தாள்’ என்று எழுதியிருப்பீர்கள். இந்த ஆன்லைன் கோர்ஸ்களை நானும் பார்த்திருக்கிறேன். வீடியோ ஓடி முடிந்தால் ஒரு பச்சை டிக் விழும். பார்த்தாலும் விழும், பக்கத்தில் ஓடவிட்டுச் சாப்பிட்டாலும் விழும். கடைசியில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. தப்பாகப் போனால் மறுபடி எழுதலாம். சுறுசுறுப்பான ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது இருபது நிமிட வேலை. அவள் கிளிக் செய்துகொண்டு போக, நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கூட உட்கார்ந்தது அவளா, நீங்களா?

அந்த மூன்று சான்றிதழும் உங்கள் மகளுடையவை. அச்சடித்த பெயர்தான் உங்களுடையது.

சந்தேகம் இருந்தால் ஒரு பரீட்சை வைக்கிறேன். இன்று ராத்திரி அவள் தூங்கியபிறகு லேப்டாப்பைத் திறங்கள். எக்செல்லில் ஒரு புதுத் தாள். வேலை போனபிறகு வந்த எட்டு மாதங்களின் வீட்டு வரவு செலவை அதில் போடுங்கள். வீட்டுக் கடன் தவணை, லேப்டாப் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, கரண்ட் பில். மாதவாரியாகக் கூட்டி, எந்த மாதம் எவ்வளவு துண்டு விழுந்தது என்று கண்டுபிடியுங்கள். யாரையும் கேட்கக் கூடாது. சான்றிதழ் வாங்கியவருக்கு இது அரை மணி நேர வேலை. முடியவில்லை என்றால், நாற்பது கம்பெனிக்காரன் என்ன பார்த்தான், என்ன பார்க்கவில்லை என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

முடித்துவிட்டால் அந்தத் தாளின் வரவுப் பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். எட்டு மாதமாக அங்கே இருப்பது ஒரே ஒரு சம்பளம், உங்கள் மனைவியுடையது. அவருக்கு நீங்கள் கடிதத்தில் கொடுத்த இடம் ஒற்றை வாக்கியம், அதுவும் அவர் வேண்டாம் என்றதைப் புகாராகச் சொல்வதற்கு. லைன் வேலை என்றால் ஷிப்டு முழுக்க நின்றபடி செய்கிற வேலை என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பத்து வருடம் பிரஸ் ஷாப்பில் நின்றவர் நீங்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? உங்கள் வீட்டில் அந்த மூன்று கோர்ஸ்களை யார் முடித்தது என்று தெரிந்த இன்னொரு ஆள் அவர். அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டாரே, அந்த நாகரிகத்தை முதலில் மதியுங்கள்.

பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் உதவக்கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். பழைய ஆள். தண்ணீர் பிடித்துக் கொடுக்கட்டும், கடைக்குப் போகட்டும், அம்மா ராத்திரி ஷிப்டு போனால் காலையில் இட்லி ஊற்றட்டும். ஆனால் அப்பாவுக்காகப் பரீட்சை எழுதுவது வீட்டு வேலையில் சேராது. வரும் மார்ச்சில் அவளுக்கே பொதுத்தேர்வு. அதில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து ஒரு விடை எழுதினால் அவளை வெளியே அனுப்புவார்கள். வீட்டில் அதே காரியத்தை அப்பாவே கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவள் உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். வேலை இல்லாமல் இருக்கிற அப்பாவிடம் எந்தப் பெண் ‘முடியாது’ என்பாள்? அந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் எட்டு மாதமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிக் கடிந்துகொள்ள எனக்குக் காரணம் உண்டு. கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் எங்கள் பெரியப்பா வேலை பார்த்தார். மில்லை மூடியபோது நிலுவைக்காக வழக்கு. பெரியப்பாவுக்கு எழுத்து வராது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அவருடைய மூத்த பெண்தான், எங்கள் அக்கா, மனு எழுதுவாள். நடுவில் இரண்டு கார்பன் தாள், மொத்தம் மூன்று நகல், அடிப்பிரதியிலும் எழுத்து விழ வேண்டும் என்று பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவாள். வாய்தா பதினோரு வருடம் இழுத்தது. பெரியப்பாவின் கையெழுத்தை அவரைவிட நன்றாகப் போடுவாள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வோம். பிளஸ் டூ பாதியில் நின்றது. கல்யாணம் இருபத்தொன்பதில் ஆயிற்று. இப்போது அவளுக்கு 62 வயது. வங்கியில் யாராவது ‘அம்மா, இந்தச் செலானை நிரப்பித் தாங்க’ என்று பேனாவை நீட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடுவாள். கண்ணாடி பையில்தான் இருக்கும்.

பெரியப்பாவுக்காவது எழுத்து வராது என்ற சாக்கு இருந்தது. நீங்கள் எட்டு வருடம் பேனல் போர்டைத் திறந்து வரைபடம் பார்த்து வேலை செய்தவர். அந்த வரைபடம் எந்த மொழியில் இருந்தது? அதைப் படிக்க வீட்டிலிருந்து யாரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?

சரி, தைரியம் கேட்டீர்கள். 43 வயதில் முடியும், எல்லாம் சரியாகும் என்று எழுதுவது எனக்குச் சுலபம். 2014 நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நின்றதிலிருந்து இந்தப் பக்கத்துக்கு இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. அப்போது எழுதியவர்களில் நிறையப் பேர் இருபதைத் தாண்டிய பெண்பிள்ளைகள், ‘வேலை போனதும் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள்’ என்று. பின்னால் அதே இடத்தை சால்காம்ப் என்ற கம்பெனி எடுத்து சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. பழைய ஆட்களைத் தேடி யாரும் வரவில்லை என்றுதான் எனக்கு எழுதினார்கள். உங்கள் பக்கத்து ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி காரை இறக்கியது. நேரடித் தொழிலாளர்கள் போராடிப் பேசி இழப்பீட்டைக் கூட்டி வாங்கினார்கள். உதிரி பாகம் செய்து கொடுத்த வெண்டார் ஆலைகளில் உங்களைப் போல இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. 2025 அக்டோபரில் அதே ஃபோர்டு, ரூ. 3,250 கோடியில் அங்கே எஞ்சின் செய்ய அரசோடு ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029-ல் என்று திட்டம், வேலை அறுநூறு சொச்சம் பேருக்கு. கேட் திறந்ததும் கூப்பிடுவார்கள் என்று அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

வயது ஒரு தடைதான். இல்லை என்று சொன்னால் பொய். அதுவும் இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிகள் வந்து குவிகிற வேலைக்குக் கைக்காசைப் போட்டுக் கொண்டுபோய் நின்றால் அந்தத் தடை இரண்டு மடங்கு. டேட்டா அனலிட்டிக்ஸ் கெட்ட படிப்பில்லை. உங்கள் மகள் படிக்கட்டும், அவள் பெயரிலேயே படிக்கட்டும். நூறு சதவீத உத்தரவாதம் என்கிறவர்களிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். வேலை கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? நாற்பதைத் தாண்டி இங்கே படித்து வேலையில் சேர்ந்த மூன்று பேருடைய போன் நம்பர் தருவீர்களா? அப்புறம் அவர்கள் உங்களைக் கூப்பிடுவதைத் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். மைத்துனர் சொல்கிற கார் யோசனையைப் பற்றி நான் எழுதவே போவதில்லை. ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கடன் வாங்கி அதன்மேல் உட்கார்ந்து ஓட்டச் சொல்கிறார்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொரு சொல். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மருந்து வாங்குகிற அட்டை மட்டும்தான் என்று நினைத்துவிட்டீர்களா? ஆலை மூடியதால் வேலை போன, இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்த தொழிலாளிக்கு உதவித்தொகை தருகிற ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2005-லிருந்து இருக்கிறது. தகுதி இருந்தால் முதல் பன்னிரண்டு மாதம் சராசரிக் கூலியில் பாதி, அடுத்த பன்னிரண்டு மாதம் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். அதே திட்டத்தில் தொழிற்பயிற்சிக்கான கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் இஎஸ்ஐ கழகம் ஏற்கிறது. நீங்கள் 85,000 ரூபாயைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ ஓடப் பார்க்கிறீர்கள். எட்டு மாதத்தில் ஒரு நாளாவது இஎஸ்ஐ கிளை அலுவலகப் படி ஏறினீர்களா? திங்கட்கிழமை ஏறுங்கள். அட்டை, மூடல் கடிதம், கடைசி சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்டரில் இருப்பவர் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்றால் திட்டத்தின் பெயரைச் சொல்லி மேலாளரைப் பாருங்கள். மகளை அனுப்பாதீர்கள்.

புதுத் தொழிலாளர் சட்டத்தில் மறுபயிற்சி நிதி என்று ஒன்று வந்திருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது. கடைசியாக வாங்கிய கூலியில் பதினைந்து நாள் பணத்தை முதலாளி கட்ட வேண்டும், அது தொழிலாளியின் கணக்குக்கு வரும். ஆனால் அது ஆட்குறைப்புக்கு மட்டும் என்று சட்டமே சொல்கிறது, உங்களுடையது மூடல். ஆகவே அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பதினெட்டு வருடத் தொழிலை மாற்றிக்கொள்ளப் பதினைந்து நாள் கூலி போதும் என்று கணக்குப் போட்டது யாரோ, அவர் எந்த ஷாப்பிலும் நின்றவராக இருக்க மாட்டார்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு பரீட்சை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிற மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று உண்டு. மின் வேலையில் ஐந்து வருடச் செய்முறை அனுபவம் கேட்கிறார்கள், வயது 21 ஆகியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐடிஐயில், போய் உட்கார்ந்து எழுதி, செய்முறையும் செய்து காட்ட வேண்டும். கையில் கட்டிங் பிளேயரும் டெஸ்டரும். யாரும் முடித்துக் கொடுக்க முடியாது.

அதற்கு அனுபவச் சான்று வேண்டும், அங்கேதான் அவசரம். மூடிய ஆலையிலும் கணக்கு முடிப்பதற்கென்று ஒரு அறையில் ஒருவர் சில மாதம் உட்கார்ந்திருப்பார். அவர் மேஜையைக் காலி செய்வதற்குள் போய்ப் பிடியுங்கள். ‘18 வருடம் ஆபரேட்டர்’ என்று பொத்தாம்பொதுவாக அடித்துக் கொடுப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், என்னென்ன வேலை என்று தனியாக எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் நீங்கள் செய்த எட்டு வருட வேலை நீங்களும் உங்கள் பழைய ஃபோர்மேனும் பேசிக்கொள்கிற கதை மட்டும்தான்.

தேர்வு முடிந்து சான்று வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஜெனரேட்டர், பம்ப், லிப்ட் பேனல் பார்க்க ஆள் தேடுவார்கள். சம்பளம் பழையதைவிடக் குறையும். குறைந்தால் குறையட்டும். ‘18 வருட அனுபவத்துக்கு இவ்வளவுதானா’ என்று அங்கே போய் முறைக்காதீர்கள். உங்கள் மனைவி லைனில் போய் நின்ற முதல் நாள் அவருக்கு எத்தனை வருட அனுபவம் இருந்தது?

இன்னொன்று, இதற்கு உங்களுக்குக் கோபம் வரலாம். அரசு ஐடிஐயில் முறையாகச் சேர்ந்து படிக்க ஆண்களுக்கு 40 வயது வரைதான். உங்களுக்கு வாசல் அடைத்துவிட்டது. பெண்களுக்கு மேல் வயது வரம்பு இல்லை. மாதம் ரூ. 750 உதவித்தொகை தருகிறார்கள், பஸ் பாஸ் உண்டு. ஒரகடம் ஐடிஐயிலேயே 2023-ல் ரோபோவும் கம்ப்யூட்டர் இயக்குகிற சிஎன்சி இயந்திரமும் வைத்துப் புதிதாகப் பயிற்சி மையம் திறந்தார்கள். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை இப்படி மாற்றுகிற திட்டம் அது. உங்கள் வீட்டில் முறையாக மறுபயிற்சி எடுத்துக்கொண்டு மேலே போகக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால், அது உங்கள் மனைவியாக இருக்கலாம். ஒரு வருடம் நீங்கள் சம்பாதித்துப் போட்டு அவரைப் படிக்க வைக்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசினீர்களா? பேசியிருக்க மாட்டீர்கள். ‘புதுத் தொழில்’ என்றால் ஆம்பிளைக்குத்தான் என்று நீங்களும் நினைத்தீர்கள், மைத்துனரும் நினைத்தார், கோர்ஸ் விற்கிறவனும் நினைத்தான். அவருக்கு விருப்பம் இல்லை என்றால் அது வேறு. கேட்காமலே முடிவு செய்தது உங்கள் தவறு.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். நீளமாக ஒன்றும் பேச வேண்டாம். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்துப் பாதி நேரம் தங்கள் கஷ்டத்தையே சொல்லிப் பிள்ளைகளை அழ வைத்துவிடுவார்கள். நாற்பது இடத்துக்கு அனுப்பின பயோடேட்டாவில் அந்த மூன்று வரியை அவள் எதிரில் அழியுங்கள். லேப்டாப்பை அவள் மேஜைக்குக் கொடுத்துவிடுங்கள், தவணையை நீங்கள் கட்டுங்கள். அந்த கோர்ஸ் கணக்குகளின் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். மாற்றுங்கள், புதியதை அவளிடம் சொல்லாதீர்கள்.